சத்தம் வராத பெட்டி

“கண்ணாடி எதுக்கு? உள்ள மீனா வளக்கப் போறோம்?”

“இப்ப வர்ற கேபினெட் எல்லாம் ஒரு பக்கம் கண்ணாடியோடதாம்ப்பா வருது. உள்ள லைட் எரியும். பாக்க நல்லா இருக்கும்.”

“யாரு பாக்கறதுக்கு? நான் முன்னாடி ரோட்டப் பாத்து ஓட்டறவன். பக்கத்துல மீன்தொட்டி இருந்தா வண்டி பள்ளத்துல போய்த்தான் நிக்கும்.”

“சரி, தகரத்துலயே பாக்கறேன்.”

“இரு, இரு. இங்க லைவுல அரைத்தூக்கம் எழுதறான், கண்ணாடியே போடுங்கண்ணே, நாங்க பாத்துக்கறோம்னு. டேய், நீ மொதல்ல முழுசாத் தூங்கி எந்திரி.”

அவள் சிரித்தாள். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுங்கியிருந்தது. அப்பாவும் மறுமுனையில் இப்படித்தான் தலையைச் சாய்த்து, போனைத் தோளில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்கும். அவர் மேசையில் திருகி வைத்திருக்கும் விளையாட்டு ஸ்டீயரிங் அது. கண்கோளாறினால் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல் லாரியை விட்டு இறங்கியவர், கொஞ்ச நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வண்டிகளின் டயர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடைக்கு ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டி அனுப்பிய பெட்டி ஒன்றைத் துடைத்து, தேறிய பாகங்களை அதில் மாட்டி, லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அவர் ஓட்டுவதை லைவில் நாலு பேர் பார்க்கும்படி செய்ததும் அவள்தான். நாலு பேர் பிறகு நிறையப் பேர் ஆனார்கள். டிரைவரண்ணே என்று கூப்பிட்டார்கள். அவர்களில் யாருடைய முகத்தையும் அவர் பார்த்ததில்லை, அரைத்தூக்கம் என்பதுபோல அவர்களே வைத்துக்கொண்ட பெயர்கள்தான் தெரியும். எல்லோரையும் டேய் என்றுதான் கூப்பிட்டார்.

பழைய பெட்டியால் தாங்க முடியவில்லை. விளையாட்டையும் ஓட்டி லைவையும் அனுப்பும்போது மூச்சுவாங்கி நின்றுவிடும். “ஒரே வண்டில சரக்கையும் ஏத்தி ஆளையும் ஏத்தினா அது என்ன பண்ணும் பாவம்?” என்பார் அப்பா. அதனால்தான் புதுசு. ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, லைவில் இருப்பவர்களிடமும் கருத்துக் கேட்டு, சண்டை போட்டு, முடிவுசெய்து, கடையின் பின்னறை அலமாரியில் அப்பாவுக்கென்று ஒரு தட்டில் சேர்த்துவைத்திருந்தாள். கேபினெட்டும் ஃபேன்களும்தான் பாக்கி.

“ஃபேன் நான் பாத்து வெச்சுட்டேன்ப்பா. சத்தமே வராது. பவர் சப்ளைகூட அப்படித்தான், சூடு ஏறினாத்தான் சுத்தும். பக்கத்துல காதை வெச்சாக்கூட ஓடுதா இல்லையான்னு தெரியாது.”

“ஓடுதா இல்லையான்னே தெரியாதா?”

“தெரியாது.”

“ம்...” என்றார். வைப்பர் அடிக்கும் சத்தம் கேட்டது. விளையாட்டில் மழை போல. “மெக்கானிக்கம்மா, மத்ததெல்லாம் நீ சொல்றபடியே வாங்கு. நான் குறுக்க வரல. ஒண்ணே ஒண்ணு மட்டும்...”

“என்னப்பா?”

“இரு. ஓரமா நிறுத்திக்கறேன். ஓட்டிக்கிட்டே பேசற விஷயமில்ல.”

அவள் கையில் வேறு யாருக்கோ சேர்த்துக்கொண்டிருந்த பெட்டியின் கூலர், ப்ராசஸரின் சூட்டைத் தணிப்பது, இருந்தது. பேஸ்ட் தடவியாகிவிட்டது, நான்கு திருகுகளையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கவேண்டும், பாதியில் விடக்கூடாது. அப்பா வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, இரண்டு இண்டிகேட்டரையும் எரியவிட்டு வருவதற்குள் முடித்துவிடலாம் என்று போனை மேசைமேல் வைத்தாள். பக்கத்து மேசைக்காரன் தன் பெட்டியின் ஃபேன்களை முழுவேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசித் திருகை இறுக்கிவிட்டு அவள் போனை எடுத்தாள்.

“சொல்லுப்பா.”

டிக், டக். டிக், டக். இண்டிகேட்டர். அதற்கு அடியில் பழைய பெட்டியின் இரைச்சல்.

“அப்பா? அங்க யார்கூட வம்பு பண்றே?”

டிக், டக்.

லைவில் எவனோ ஏதோ எழுதியிருப்பான், அதைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். அப்படி அவளைக் காக்கவைத்துவிட்டு அவர்களிடம் போவது அவருக்கு வழக்கம்தான். முன்பக்கத்திலிருந்து முதலாளி கூப்பிட்டார். யாரோ ஒருவர் மானிட்டரில் கோடு விழுகிறது என்று தூக்கிக்கொண்டு வந்திருந்தார். “சரிப்பா, அப்புறம் பேசறேன்” என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

மானிட்டரில் கோடு எதுவும் இல்லை, கேபிள்தான் தளர்ந்திருந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். அழவில்லை. “அப்பா எந்திரிக்க மாட்டேங்கறாருடி” என்றாள், பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

*

மதியத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இதயம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவைக் கூடத்தின் நடுவில் கட்டிலில் கிடத்தி வெள்ளைத் துணியால் கழுத்துவரை மூடியிருந்தார்கள். தலை இன்னும் வலது தோளின் பக்கமே சாய்ந்திருந்தது. அத்தை அதை நேராக வைப்பாள். கொஞ்ச நேரத்தில் அது திரும்பவும் சாய்ந்துவிடும்.

“பாரு, இன்னும் போன் பேசறான்” என்றாள் அத்தை. அப்பாவுக்கு அக்கா அவள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவள், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் அவள் கையைப் பிடித்தார்கள். அவள் அந்தக் கைகளைப் பார்த்துத் தலையாட்டினாள். காபியை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். அது ஆடைகட்டியது.

“ஏண்டி” என்றாள் அத்தை மெதுவாக, தம்பி மகளின் முழங்கையைத் தொட்டு. “அது என்ன அங்க? சுவத்துல விட்டு விட்டு எரியுதே. நானும் வந்ததுலேர்ந்து பாக்கறேன். என்னமோ மாதிரி இருக்கு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்சுவரில் ஆரஞ்சு வெளிச்சம் வந்தது, போனது, வந்தது.

“கம்ப்யூட்டரு” என்றார் சித்தப்பா. “காலையிலேர்ந்து ஓடுது. வீடு பூரா ஒரே இரைச்சல். நீ போய் அணைச்சுட்டு வந்துடும்மா. நான் போய்க் கண்ட பட்டனையும் அமுக்கி வைக்கப் போறேன்.”

அணைக்கத்தான் போனாள்.

நாற்காலி மேசையை விட்டு ஒரு விரல்கூட நகரவில்லை. அதன் சக்கரம் ஒன்றுக்கு அப்பா ஒரு அரைச்செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தார். பிரேக்கை மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடுகிறது என்பதற்காக வைத்தது. “கல்லு வைக்காம என்னிக்கு நான் வண்டிய விட்டு இறங்கியிருக்கேன்?” என்று கேட்பார். அவரைத் தூக்கும்போது யாரோ அதில் இடித்துக்கொண்டிருக்கவேண்டும். செங்கல்லின் ஒரு மூலை உடைந்து பொடி சிதறியிருந்தது.

திரையில் லாரி சாலையோரம் நின்றிருந்தது. வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒழுங்காக, ஒரு சக்கரமும் வெளியே வராமல். இரண்டு இண்டிகேட்டர்களும் எரிந்து எரிந்து அணைந்தன. அந்த விளையாட்டில் பொழுதுகள் சீக்கிரம் சீக்கிரம் மாறும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை விட்டு, மலைகளுக்குப் பின்னால் வெளுத்து, வெயில் வந்தது. அப்பா இறங்கிப் போனதிலிருந்து அந்த லாரியின்மேல் எத்தனை இரவுகள் கடந்திருக்கும் என்று நினைத்தாள். கட்டிலில் கிடக்கும் அப்பாவுக்கு இன்னும் ஒரு பகல்கூட முடியவில்லை.

பெட்டி இரைந்துகொண்டிருந்தது. தினமும் நாலு தடவை நின்றுபோகும் பெட்டி, இன்று ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அப்போதுதான் கேமராவின் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள்.

திரையின் மூலையில் சிறிய சதுரம். அதில் வெற்று நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் அவள். அவளுக்குப் பின்னால் திறந்த கதவு. கதவுக்கு அப்பால், கூடத்தில், வெள்ளைத் துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள்.

கதவைச் சாத்தினாள். பிறகு ஓரத்தில் மேலேறி நின்றிருந்த எழுத்துகளை மெல்லக் கீழிருந்து மேலே தள்ளிப் படித்தாள்.

*அண்ணே, என்னண்ணே அந்த ஒண்ணு?*

*பொண்ணுகிட்ட ரகசியமா கேக்கறாரு. விடுங்கடா.*

*தூங்கிட்டாரா?*

*போன் காதுல இருக்குடா. மக பேசுது, கேட்டுக்கிட்டிருக்காரு. தொந்தரவு பண்ணாதீங்க.*

*மெக்கானிக்கு இன்னிக்கு ரொம்பத் திட்டுது போல* என்று அரைத்தூக்கம் எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருந்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. மகளோடு பேசட்டும் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். அவள் அவரை அவர்களிடம் விட்டிருந்தாள்.

பிறகு ஒருவன், *அம்மா வர்றாங்க* என்று எழுதியிருந்தான். அதற்கடுத்து யாரோ, *ஐயோ*. அவ்வளவுதான். ஆனால் யாரும் வெளியே போகவில்லை. பார்ப்பவர்களின் எண் குறையவே இல்லை. காலையிலிருந்து அத்தனை பேரும் அந்த நாற்காலியையும் கதவையும் பாதங்களையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

அவள் அந்த அறையிலிருந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தன் போனில் அந்த லைவைத் திறந்தாள். போனில் எல்லாம் சில நொடிகள் பிந்தித்தான் வரும். அவள் உட்கார்ந்துவிட்டாள், போனிலிருந்த அறையில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், திரையைப் படித்துக்கொண்டு. சட்டென்று அந்தப் பெண்ணைத் தோளில் தொட்டு, போதும், படிக்காதே என்று சொல்லவேண்டும்போல் இருந்தது.

விரலால் பின்னுக்குத் தள்ளினாள். கூடத்தில் ஆட்கள் பின்னோக்கி நடந்து வெளியேறினார்கள். அம்மா பின்னோக்கிக் கதவுக்கு வெளியே போனாள். நாற்காலியில் அப்பா வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும்...” என்றார் அப்பா. “இரு. ஓரமா நிறுத்திக்கறேன்.”

நிறுத்தினார். கைபிரேக்கை இழுத்தார். இண்டிகேட்டரைத் தட்டினார். போனைத் தோளில் நன்றாக அழுத்திக்கொண்டு, தலையைச் சாய்த்து, கதவின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்ப்பதுபோல. பிறகு உதடுகள் அசைந்தன.

சத்தம் இல்லை.

ஒலியைக் கூட்டினாள். டிக், டக். மழை. அப்பாவின் உதடுகள் அசைந்தன. இரண்டு தடவை ஒட்டிப் பிரிந்தன. அப்படி ஒட்டிப் பிரியும் வார்த்தைகள் எத்தனையோ இருக்கின்றன. அறையின் இரைச்சல்கூட அதில் இல்லை. பெட்டியும் ஃபேனும் ஜன்னலும் இல்லாத, யாரோ துடைத்துவைத்ததுபோன்ற ஒரு அறையில் அப்பா பேசினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. துடைத்துவைத்தது அவள்தான். *அண்ணே, உங்க பெட்டி சத்தத்துல உங்க பேச்சே கேக்கல* என்று அவர்கள் குறைப்பட்டபோது, மைக்குக்கு ஒரு வடிகட்டி போட்டாள். பெட்டியின் இரைச்சல் எவ்வளவு உயரம் என்று பார்த்து அதற்குக் கொஞ்சம் மேலே கோடு கிழித்தாள். கோட்டுக்கு மேலே வரும் குரல் லைவுக்குப் போகும். கீழே வருவது எதுவானாலும் நின்றுவிடும். அப்பா எப்போதும் என்ஜினுக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர். அவர் மெதுவாகப் பேசுவார் என்று அவள் நினைக்கவே இல்லை.

திரும்பத் தள்ளினாள். கதவைப் பார்த்தார். உதடுகள். திரும்பத் தள்ளினாள். கடைசியாக, பேசி முடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்போல அப்பா கொஞ்சம் சிரித்தார். தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த எல்லாமே, கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதரைப்போலத்தான் இருந்தது.

அவர் கேட்டபோது போன் மேசையில் கிடந்தது. அவள் திருகை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

கதவைத் தட்டினார்கள். “வண்டி வந்துருச்சும்மா” என்றார் சித்தப்பா. “அணைச்சியா?”

“அணைக்கறேன்” என்றாள். அணைக்கவில்லை. கேமராவை மட்டும் சற்றுத் திருப்பி, நாற்காலிக்குப் பின்னால் கூடம் தெரியாமல் சுவர் மட்டும் தெரியும்படி வைத்தாள்.

வெளியே தெரு சரிவாக இருந்தது. அப்பாவை ஏற்றிப்போக வந்த வண்டியின் டிரைவர் இறங்கி, ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தள்ளிக்கொண்டுவந்து பின்சக்கரத்துக்கு வைத்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல டிரைவர்தான்” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

*

திரும்பி வந்து குளித்து, கூடத்தைக் கழுவி, கடன் வாங்கிய நாற்காலிகளை அடுக்கிக் கொடுத்தாகிவிட்டது. அத்தை அழுத களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். சித்தப்பா கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டே, “அந்த இரைச்சலை நிறுத்திட்டுப் படுங்க. தலைக்குள்ள புகுந்து ஓடுது” என்றார்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவள் அப்பாவின் அறைக்குப் போனாள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இதற்குமுன் அம்மா அதில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஸ்டீயரிங்கைத் தொடாமல், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவளைப்போல உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு வெளிச்சம் அவள் முகத்தில் வந்து போனது. திரையில் லாரியின்மேல் மறுபடியும் இரவு. மூலைச் சதுரத்தில் அம்மா. பார்ப்பவர்கள் இருந்தார்கள். யாரும் எழுதவில்லை.

“அம்மா, கேமரா ஓடுது. உன்னை எல்லாரும் பாக்கறாங்க.”

“பாத்தா பாக்கட்டும். அவரு பேசிக்கிட்டிருந்த பசங்கதானே.”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். போனைப் பக்கத்தில் வைத்தாள். அதில் லைவ் இன்னும் திறந்தே இருந்தது, இப்போதைய அறையைக் காட்டிக்கொண்டு. பெட்டியின் மேல் கையை வைத்தாள். தகரம் சூடாக, லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. விரலுக்கு அடியில்தான் பட்டன்.

“அணைக்கப் போறியா?”

“சித்தப்பா சொல்லிக்கிட்டே இருக்காரு.”

“அவனுக்கென்ன. அவன் வீட்டுக்குப் போயிட்டான்.”

பெட்டி மேடேறும் வண்டியைப்போல மூச்சைப் பிடித்து இரைந்தது, பிறகு தணிந்தது.

“புதுசு ஒண்ணு சேத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னியாமே” என்றாள் அம்மா. “அலமாரில எல்லாம் இருக்காமே. நேத்து சொன்னாரு. எம் பொண்ணு பாத்துப் பாத்து எடுக்கறா, பூனை நடக்கற மாதிரி ஓடும்னு. பெருமைதான் அவருக்கு.”

“ம்.”

“வண்டிக்குப் போய்க்கிட்டிருந்த காலத்துல வீடு கம்முனு கெடக்கும். நீ தூங்கிடுவே. நான் மட்டும் முழிச்சுக்கிட்டு, தெருவுல போற ஒவ்வொரு லாரிக்கும் எந்திரிச்சு உக்காருவேன். இது நம்ம வண்டி இல்ல, இது நம்ம வண்டி இல்லன்னு.” அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ இந்தப் பெட்டியக் கொண்டுவந்து வெச்சப்பறம்தான் தூங்கவே ஆரம்பிச்சேன். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே படுக்கறேன். இது ஓடுச்சுன்னா ஆளு வீட்டுல இருக்காருன்னு அர்த்தம். அவருகிட்ட ஒருநா சொன்னேன். சிரிச்சாரு.”

அவள் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். கையை எடுக்கவில்லை.

“இது பழசு. நின்னுரும்னு எனக்கும் தெரியும்.” அம்மா குரலைத் தாழ்த்தினாள், லைவில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல. “எனக்கு இதைப்பத்தி ஒண்ணும் தெரியாதுடி. தப்பாக் கேட்டா சிரிக்காத. நீ வாங்கி வெச்சதெல்லாம் இருக்கட்டும், அதையே சேத்துக் கொண்டுவா. அதுல இந்தச் சத்தம் மட்டும் வர்ற மாதிரி ஏதாவது ஒரு சாமான் மாட்டித் தர முடியுமா?”

பெட்டி இரைந்தது. ஆரஞ்சு வெளிச்சம் சுவரில் வந்தது, போனது.

கட்டிலில் கிடந்த போனில், சில நொடிகள் பிந்தி, அம்மா திரும்பினாள். யாரோ துடைத்துவைத்ததுபோன்ற அந்த அறையில், காலையில் அப்பாவின் உதடுகள் அசைந்ததுபோலவே அவள் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன. அசைந்து நின்றன. பிறகு அம்மா அப்படியே முகத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.